போர்ட்டோ – மொனாக்கோ 2004: யாரும் பேசாத அந்த ஃபைனல்

நடுக்களத்தான்:
ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்கள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் 2005-இல் இஸ்தான்புல்லில் நடந்த ஃபைனலுக்கு ஓடிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய வருடத்தை யாரும் தொடுவதில்லை. 2004 மே 26, கெல்சென்கிர்சென், போர்ட்டோ 3, மொனாக்கோ 0. அந்த சீசனில் மிலன், ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் யுனைடெட், தோல்வியே காணாமல் லீக் ஜெயித்த ஆர்சனல் எல்லாருமே வழியில் விழுந்தார்கள். யாரும் எதிர்பார்க்காத இரண்டு அணிகள் கோப்பைக்கு மோதின. என்னைப் பொறுத்தவரை அதுதான் இந்தப் போட்டியின் உச்சம்.

கடைசித்தடுப்பு:
ஒத்துக்கொள்ள முடியாது. ஆட்டத்தை முழுசாகப் பார்த்தீர்களா? 23-ஆவது நிமிடத்தில் கேப்டன் ஜூலி காயத்தோடு வெளியே போனதும் மொனாக்கோவின் வேகமும் கூடவே போய்விட்டது. கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஒரு கோல் போட்டார், அப்புறம் போர்ட்டோ பின்னால் இறங்கிக் காத்திருந்து, எதிர்த்தாக்குதலில் டெகோவும் அலெனிசெவும் முடித்துவைத்தார்கள். நடுநிலை ரசிகனுக்கு அதில் என்ன இருந்தது?

இன்னொன்று, போர்ட்டோவை ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுவதை நிறுத்துங்கள். 1987-இல் பேயர்னை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) வாங்கியவர்கள். 2003-இல் செல்டிக்கைத் தோற்கடித்து, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யுஇஎஃப்ஏ கோப்பை. இது அண்டர்டாக் கணக்கில் வராது.

லூயி இரண்டு:
மொனாக்கோவைப் பற்றி யாராவது பேச வேண்டும், நான் பேசுகிறேன். 2003 கோடையில் கடன் தாங்காமல் பிரான்ஸின் நிதிக் கண்காணிப்புக் குழு அவர்களை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கவே முடிவு செய்தது. மேல்முறையீட்டில்தான் தப்பினார்கள். அடுத்த மே மாதம் ஃபைனல்!

ரியல் மாட்ரிட் தன் ஸ்ட்ரைக்கர் மொரியன்டஸை வேண்டாமென்று மொனாக்கோவுக்கு லோனில் அனுப்பியது. காலிறுதியில் அதே ரியலுக்கு எதிராக, முதல் ஆட்டத்தில் மாட்ரிட்டில் 4-2 தோல்வி, அதில் ஒரு கோல் அவருடையது. திரும்ப மொனாக்கோவில் ரியலின் ரவுல் முதலில் கோல் போட்டதும் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இடைவேளைக்குச் சற்று முன் ஜூலி, இடைவேளை முடிந்ததும் மொரியன்டஸ், கடைசியில் ஜூலி குதிகாலால் தட்டிவிட்ட அந்த மூன்றாவது கோல். மொத்தம் 5-5, சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற அன்றைய விதிப்படி ரியல் அவுட். அரையிறுதியில் ஜிகோஸ் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேரான பிறகு செல்சீக்கு எதிராக இரண்டு கோல். இதைவிடப் பெரிய கதை அந்தக் கோப்பையில் உண்டா?

கடைசித்தடுப்பு:
கதை நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் காரணத்தையும் பாருங்கள். அந்த சீசனில்தான் இரண்டாவது குரூப் சுற்றை எடுத்துவிட்டு நேராக 16 அணிகளின் நாக்-அவுட் கொண்டுவந்தார்கள். ஆறு ஆட்டம் இருந்த இடத்தில் இரண்டு. ஆட்டம் குறைந்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். போர்ட்டோவுக்கு எதிராக ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஸ்கோல்ஸ் போட்ட இரண்டாவது கோல் ஆஃப்சைடே இல்லை, லைன்ஸ்மேன் கொடி தூக்கினார். அது கணக்கில் வந்திருந்தால் போர்ட்டோ மார்ச்சிலேயே வீட்டுக்குப் போயிருக்கும்.

நடுக்களத்தான்:
ஸ்கோல்ஸ் கோல் சரியான கோல்தான். அதற்காகப் போர்ட்டோவின் கோஸ்டினா போட்ட 90-ஆவது நிமிடக் கோல் பொய்யாகிவிடாது. முதல் ஆட்டத்தில் மெக்கார்த்தி இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டுத்தான் போர்ட்டோ அங்கே போனது. அதன் பிறகு லியோனையும், மிலனை 4-0 என்று துரத்திய டெபோர்டிவோவையும் தாண்டினார்கள். டெபோர்டிவோவை அவர்கள் ஊரிலேயே போய் ஜெயித்தார்கள். நான்கு மாதம் தொடர்ந்து ஒரே அணிக்கு அதிர்ஷ்டம் அடிக்காது.

1987-ஐ வைத்து 2004-ஐ அளக்க வேண்டாம், அணியைப் பாருங்கள். டெர்லேயும் நூனோ வாலென்டேயும் போர்ட்டோ பயிற்சியாளர் மொரின்யோவின் பழைய கிளப்பான லெய்ரியாவிலிருந்து வந்தவர்கள். மனிஷை பென்ஃபிகா தன் பி அணிக்குத் தள்ளியிருந்தது. மற்றவர்கள் ஒதுக்கியவர்களையும் கவனிக்காதவர்களையும் சேர்த்து இரண்டு வருடத்தில் இரண்டு ஐரோப்பியக் கோப்பை. ஒரு பெரிய கிளப் தன் பெஞ்சுக்குச் செய்த செலவில் இதைச் செய்தார்கள் என்றே சொல்வேன்.

கடைசித்தடுப்பு:
சரி, அப்புறம் என்ன நடந்தது? மொரின்யோ, கார்வால்யோ, பாவ்லோ ஃபெரைரா மூவரும் செல்சீக்கு. டெகோவும் ஜூலியும் பார்சிலோனாவுக்கு. ரோதென் பாரிஸுக்கு. கோடை முடிவதற்குள் இரண்டு அணிகளும் கலைந்துவிட்டன. ஒரே வருடம் நிற்கும் அணிகளை உச்சம் என்று எப்படிச் சொல்வது?

லூயி இரண்டு:
கலைந்தார்களா, கலைத்தார்களா? வாங்கியது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு 2025 வரை நடந்த ஃபைனல்களில் இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனிக்கு வெளியிலிருந்து வந்த ஒரே கிளப் பாரிஸ் சான் ஜெர்மன், அதுவும் கத்தார் பணத்தோடு. ஆட்டம் மந்தமாக இருந்தது என்ற உங்கள் குறையை ஏற்கிறேன். மந்தமான ஃபைனல் பெரிய கிளப்புகளுக்கும் உண்டு, 2003-இல் மிலனும் யுவென்டஸும் 120 நிமிடம் ஆடி ஒரு கோல்கூடப் போடவில்லை. அதற்காக அந்த இரண்டு அணிகளும் அங்கே இருந்திருக்கக் கூடாது என்று யாராவது சொன்னார்களா?