கேம்பைலோபாக்டர் தட்டில் தனியாக வரவில்லை, உதவி தேவை

மூன்று வாரமாகக் கோழி இறைச்சி மாதிரிகளில் கேம்பைலோபாக்டர் ஜெஜூனை என்ற குடல்நோய்ப் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறேன். ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

போல்டன் குழம்பில் (பாக்டீரியாவைப் பெருக்கும் திரவ ஊடகம்) 37 டிகிரியில் 5 மணி நேரம், அப்புறம் 41.5 டிகிரியில் 44 மணி நேரம். அதன்பின் கரி கலந்த சி.சி.டி.ஏ தட்டு (மற்ற கிருமிகளை அடக்கும் திட ஊடகம்). வாயு 5% ஆக்சிஜன், 10% கார்பன் டை ஆக்சைடு, மீதி நைட்ரஜன்.

சாம்பல் நிறத்தில் தட்டையாக, ஈரப் பளபளப்போடு பரவும் காலனிதான் வர வேண்டும். வருவதோ பருத்த, வெளிறிய காலனிகள், தட்டு முழுக்க. நுண்ணோக்கியில் குட்டையான கோல்கள்; திருகாணிபோல் சுழன்று பாயும் ஒன்றைக்கூடக் காணோம். தட்டில் உள்ள செஃபோபெராசோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ.கோலை என்றுதான் சந்தேகம்.

வாயுப் பையை மாற்றினேன், புதுத் தட்டு ஊற்றினேன், மாதிரியை உறைய வைக்காமல் அன்றன்றே எடுத்தேன். பலனில்லை. ஒப்பீட்டுக்கு வைத்த தூய வளர்ப்பு மட்டும் அதே ஜாடியில் ஜோராக வளர்கிறது, அதனால் வாயுவைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து பாலிமிக்சின் என்ற வேறு ஆன்டிபயாடிக் உள்ள பிரெஸ்டன் குழம்புக்கு மாறுவதா, இல்லை 0.65 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டிச் சவ்வு வழியாகத் தட்டில் இறக்குவதா? இரண்டில் ஒன்றுக்குத்தான் மாதிரி மிச்சமிருக்கிறது. செய்து பார்த்தவர்கள் எதைச் சொல்வீர்கள்?