மேற்கு மாம்பலத்தில் ஒரே தெரு, இரண்டு பழைய பிளாட்: விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கோடம்பாக்கம் வாடகைக்காரன் (கேள்வி):

வணக்கம். சென்னைக்குள்ளேயே ஒரு பழைய பிளாட் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், புதுசு நம் கைக்கு எட்டாது. ஆனால் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. மேற்கு மாம்பலத்தில் ஒரே தெருவில் இரண்டு பிளாட். முதலாவது 1986இல் கட்டியது, 900 சதுர அடி, 1.25 கோடி சொல்கிறார்கள், லிஃப்ட் கிடையாது, பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் அந்தக் காலத்துப் பச்சை நிறம். இரண்டாவது அதே தெருக்கோடியில், 1993இல் கட்டியது, 650 சதுர அடி, 58 லட்சம். அதாவது பழைய கட்டடத்துக்கு சதுர அடி கிட்டத்தட்ட 13,900, அதைவிடப் புதுசுக்கு 8,900. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இது போதாதென்று மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் சின்ன தனி வீடு ஒன்று 70 லட்சம் என்று புரோக்கர் போன் செய்கிறார். மயிலாப்பூரில் தனி வீடு 70 லட்சமா! விற்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களா, இல்லை இதற்கெல்லாம் ஏதாவது கணக்கு இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவில்காரன்:

கணக்கு இருக்கிறது, நீங்கள் தப்பான எண்ணால் வகுக்கிறீர்கள், அவ்வளவுதான். முப்பது நாற்பது வருடக் கட்டடத்தில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெரிய விலை கிடையாது. நீங்கள் வாங்குவது மண். பிளாட்டின் பரப்பை விட்டுவிட்டு யூடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள், அதாவது அந்த மனையில் உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. இரண்டு கட்டடத்திலும் மனை எத்தனை கிரவுண்டு, மொத்தம் எத்தனை பிளாட் என்று சொன்னால் மீதியைச் சொல்கிறேன்.

கோடம்பாக்கம் வாடகைக்காரன்:

முதலாவது மூணு கிரவுண்டு மனை, எட்டு பிளாட், முன்னால் முப்பதடி ரோடு. இரண்டாவது ஒரு கிரவுண்டு, தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், மாடிக்கு இரண்டு வீதம் ஆறு பிளாட். அந்தக் கோடியில் தெரு குறுகி இருபதடிக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

சிவில்காரன்:

அவ்வளவுதான் சார், விடை அதிலேயே இருக்கிறது. கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. முதலாவதில் 7200 சதுர அடி மனையை எட்டுப் பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 900. இரண்டாவதில் 2400ஐ ஆறு பேர், ஆளுக்கு 400. இப்போது மண்ணின் மேல் விலையை வகுத்துப் பாருங்கள். முதலாவது சதுர அடி மண் சுமார் 13,900. இரண்டாவது 14,500. மலிவு என்று நீங்கள் நினைத்ததுதான் ஒரு பொட்டு விலை கூடுதல்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் பில்டர்கள் பார்ப்பது. மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற எஃப்எஸ்ஐ, சாதாரண அடுக்குமாடிக்கு ரொம்ப காலம் 1.5 ஆக இருந்தது, 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 2 ஆனது. முதல் கட்டடத்தில் இப்போது நிற்பது எட்டு தொள்ளாயிரம் 7200, அதாவது மனைக்குச் சமம். இடித்துக் கட்டினால் 14,400 வரை போகலாம். பில்டர் தன் செலவில் கட்டி, பழைய வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கொரு புது பிளாட் கொடுத்துவிட்டு மீதியை விற்று லாபம் பார்ப்பார். ஆளுக்கு 900க்குப் பதில் 1100 கொடுத்தாலும் 8800 போக பில்டர் கையில் விற்க 5600 மிஞ்சும், அவர் ஓடி வருவார். இரண்டாவதில் ஆறு 650 சேர்ந்து ஏற்கெனவே 3900 நிற்கிறது. 1.5 இருந்த காலத்தில் 3600தான் கட்டியிருக்க வேண்டும், அப்போதே கொஞ்சம் அளவை மீறித்தான் கட்டியிருக்கிறார்கள். இன்று இடித்தாலும் 4800தான், 900 சதுர அடி மிச்சம். அந்த ஒரு பிளாட்டை விற்று ஆறு பேருக்கும் யார் இலவசமாகக் கட்டித் தருவார்? ரோடு வேறு குறுகல். பணம் கட்டி வாங்கும் கூடுதல் எஃப்எஸ்ஐயும் ரோட்டு அகலத்தைப் பொறுத்துத்தான், அதனால் அந்த வழியும் கிட்டத்தட்ட அடைத்த மாதிரிதான்.

அதனால் முதல் வீட்டுக்காரர் பச்சை டைல்ஸுக்கு விலை சொல்லவில்லை, நாளைக்கு வரப்போகும் புது பிளாட்டுக்கு இன்றைக்கே விலை சொல்கிறார்.

மூணாவது மாடி:

சிவில்காரன் சொல்வது காகிதத்தில் சரி. நான் அப்படி ஒரு "பில்டர் ஓடி வரும்" கட்டடத்தில்தான் குடியிருக்கிறேன், அடையாறு பக்கம். வருடக்கணக்காக மீட்டிங் போடுகிறோம். ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் வீட்டில் அண்ணன் தம்பி தகராறு, தரைத்தளத்து அம்மாவுக்குத் தன் துளசி மாடத்தை விட்டு எங்கேயும் போக இஷ்டமில்லை (அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை). முன்பெல்லாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் போதும் என்று வந்தது. அந்தச் சட்டம் வந்ததுமே எங்கள் கட்டடத்தில் விற்க நினைத்த ஒருவர் சொல்லும் விலையை ஏற்றிவிட்டார், வேலை மட்டும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

ஆக, சொல்லும் விலையில் பாதி ஆசை. கேட்டவர் குடியிருக்கத்தானே தேடுகிறார்? யூடிஎஸ்ஸில் பாய் விரித்துப் படுக்க முடியாது. இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் இரண்டு மூன்று வருடம் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும், பில்டர் தரும் வாடகை நின்றுபோன கதையும் ஊரில் உண்டு. கையில் அறுபது லட்சம்தான், நாளைக்கே குடிபோக வேண்டும் என்றால் அந்த இரண்டாவது பிளாட் ஒன்றும் மோசமில்லை.

ஆனால் அது எந்த மாடி? மேற்கு மாம்பலத்தில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அந்த ஊரில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தில் அந்த ஒரு மாதத்துக்கும் பங்கு உண்டு. வேளச்சேரியிலும் அப்படித்தான், தெருவுக்குத் தெரு மாறும். கடைக்காரரிடம் "இங்கே தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

தாய்ப்பத்திரம்:

எல்லோரும் மண், மாடி என்று பேசுகிறீர்கள், மயிலாப்பூர் வீட்டை விட்டுவிட்டீர்களே. தம்பி, அந்த புரோக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடிமனை யாருடையது? மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயில் மனைகள் நிறைய. மண் கோயிலுக்கு, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு, மாதாமாதம் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்ட வேண்டும். அவர் விற்பது சுவரும் கூரையும்தான், அதையும் கோயில் நிர்வாகத்தைக் கேட்காமல் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது, வங்கிக் கடனையும் மறந்துவிடுங்கள். 70 லட்சத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது, பத்திரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் ஒரு வக்கீலிடம் பத்திரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரே மாதிரி இரண்டு வீட்டில் ஒன்று பத்து இருபது லட்சம் இறங்கி நிற்கிறது என்றால் எங்கள் முதல் சந்தேகம் காகிதத்தின் மேல்தான். கே.கே.நகர், அண்ணா நகர் பக்கம் ஹவுசிங் போர்டு வீடுகளில் முதலில் ஒதுக்கீடு வாங்கியவர் பெயருக்கே இன்னும் வாரியத்திலிருந்து கிரயப் பத்திரம் ஆகியிருக்காது, நடுவில் இரண்டு கை வெறும் பவர் பத்திரத்திலேயே (விற்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் காகிதம்) மாறியிருக்கும். அப்பா இறந்து நாலு பிள்ளைகள், ஒரு பெண்ணிடம் மட்டும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்காமல் விட்டிருப்பார்கள். இன்னொரு வகை, அந்த 1993 கட்டடம் மாதிரி, அப்ரூவ்டு பிளானுக்கும் கட்டியதற்கும் பொருந்தாது. இதிலெல்லாம் வங்கி வேல்யூவர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார், கடன் குறையும் அல்லது கிடைக்காது. கடன் கிடைக்காத வீட்டை கையில் பணம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும், அப்படிப்பட்டவர் கம்மி, வந்தவர் அடித்துப் பேசுவார். விலை இறங்குவது இப்படித்தான்.

பணம் கைமாறும் விதமும் உண்டு. முழுத் தொகையும் பத்திரத்தில் காட்டி வங்கி வழியாக வேண்டும் என்றால் ஒரு விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பதிவு செய்து மீதியைக் கையில் கொடு என்றால் வேறு விலை. இரண்டாவது வழிக்கு ஆசைப்படாதீர்கள், கடன் பத்திரத் தொகையைப் பார்த்துத்தான் தருவார்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாப வரியும் உங்கள் தலையில்தான் விழும். பதிவுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய பிளாட் மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு தொல்லை. உள்ளூர்க்காரர் என்றால் 50 லட்சமோ அதற்கு மேலோ போகும் வீட்டுக்கு 1 சதவீதம் டிடிஎஸ் (அவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்தே நீங்கள் பிடித்துக் கட்டும் வருமான வரி) கட்டினால் முடிந்தது. வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் பல மடங்கு, குறைக்க வேண்டுமானால் அவர் வருமான வரித் துறையில் சான்று வாங்கி வர வேண்டும். சிலர் அந்த அலைச்சலுக்குப் பயந்தே விலையைக் குறைப்பார்கள், சிலர் "எனக்குக் கைக்கு இவ்வளவு வரணும்" என்று வரியையும் விலையில் ஏற்றிச் சொல்வார்கள்.

சிவில்காரன்:

மூணாவது மாடி சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன், குடியிருக்க வாங்குபவர் கட்டடத்தையும் பார்க்கத்தான் வேண்டும். கீழே கார் நிறுத்தும் இடத்தில் தூண்களின் அடிப்பாகத்தைப் பாருங்கள். நெடுக்காக மயிரிழை விரிசல் ஓடி, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது என்று அர்த்தம். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் இது சீக்கிரமே வரும். விற்பவர் போன வாரம் அடித்த பெயிண்ட் தூணில் மட்டும் புதுசாக இருந்தால் அங்கே இன்னும் நன்றாகத் தட்டிப் பாருங்கள்.

அப்புறம், முதல் பிளாட்டில் நான் சொன்ன 900 யூடிஎஸ் மனையைப் பிளாட் எண்ணிக்கையால் வகுத்துச் சொன்னது. பத்திரத்தில் அதுவேதான் எழுதியிருக்க வேண்டும் என்று இல்லை. பார்த்துவிடுங்கள்.

கோடம்பாக்கம் வாடகைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மயிலாப்பூர் புரோக்கரிடம் அடிமனை என்று கேட்டதும் "அதெல்லாம் பிரச்சினையே இல்லை சார்" என்றார், சரி என்று போனை வைத்துவிட்டேன். இரண்டாவது பிளாட் தரைத்தளம்தான், பக்கத்துப் பலசரக்குக் கடையில் கேட்டேன், இடுப்பளவு காட்டினார்.

முதல் பிளாட் பத்திர நகல் வந்துவிட்டது. யூடிஎஸ் எழுதும் பி ஷெட்யூல் பகுதியில் 760 சதுர அடி என்று இருக்கிறது, 900 இல்லை. விற்பவரே அசந்துபோனார். எட்டு பேருக்கும் இதே 760தானாம். அப்படியானால் 6080தான் ஆகிறது, மீதி 1120 எங்கே போனது?

தாய்ப்பத்திரம்:

அசல் மனைக்காரரோ அன்றைய பில்டரோ தன் பெயரில் நிறுத்தி வைத்திருப்பார், மொட்டை மாடியில் பின்னால் கட்டலாம் என்ற நினைப்பில் அந்தக் காலத்தில் நிறையப் பேர் செய்ததுதான். வில்லங்கச் சான்று (ஈசி), அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், 1975 முதல் ஆன்லைனிலேயே எடுக்கலாம், உங்கள் பிளாட்டுக்கு மட்டும் போடாமல் மொத்த சர்வே எண்ணுக்கும் போடுங்கள். அந்த 1120 இப்போது யார் பெயரில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். அவரோ அவர் வாரிசுகளோ நாளைக்கு இடித்துக் கட்டும் பேச்சில் ஒன்பதாவது ஆளாக வந்து உட்காருவார்கள்.

சிவில்காரன்:

760ஐ அதே 13,900ஆல் பெருக்கினால் ஒரு கோடியே ஐந்தே முக்கால் லட்சம்கூட வரவில்லை. அதிலிருந்து அந்த 1120 சதுர அடித் தலைவலிக்கும் கொஞ்சம் கழியுங்கள். ஒரு கோடிக்குக் கேட்டுப் பாருங்கள், பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. ஈசி வரும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.