பழைய தேக்கு உத்திரங்களைப் புது வீட்டு மாடிக்குப் போடலாமா?

காவிரிக்கரை:
மயிலாடுதுறை பக்கத்தில் தாத்தா கட்டிய வீட்டின் முன்கட்டைப் போன மாதம் பிரித்தோம். மர உத்திரங்கள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போடும் மெட்ராஸ் தளம் உள்ள கூடம். சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி எல்லாம் இறக்கியதும் 11 தேக்கு உத்திரங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 14 அடி நீளம், 6 அங்குல அகலம், 8 அங்குல உயரம். கொல்லையில் தென்னங்கட்டை மேல் அடுக்கி, தகரம் போட்டு வைத்திருக்கிறேன்.

'மரக்கடையில் போட்டுவிட்டு அந்தக் காசில் கம்பி வாங்குங்கள்' என்கிறார் கான்ட்ராக்டர். எனக்கு மனசு வரவில்லை. புதுக்கூடம் 12 அடி அகலம், 22 அடி நீளம். மாடித் தளத்தை இந்த உத்திரங்களே தாங்க வேண்டும் என்று ஆசை. தாங்குமா? சிமென்ட், கம்பி குறைவதால் சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, இல்லை இது வெறும் பாசமா? பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்யும் 'குளுலாம்' என்கிற ஒட்டு உத்திரம் வாங்குவது இதைவிட மேலா?

மட்டப்பலகை:
விற்காதீர்கள். 19 வருடமாகக் கட்டட அமைப்புக் கணக்குப் போடுகிறேன். இந்த அளவில் முற்றிய தேக்கு இன்று புதிதாக வாங்கப் போனால் கையைக் கடிக்கும்.

முதலில் முனைகளைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருந்த அந்த ஓரடிதான் எப்போதும் முதலில் கெடும். மழைக்குச் சுவர் ஈரம் குடிக்கும், முனை அதை உறிஞ்சும். நடுவில் வைரம் பாய்ந்த கட்டையாக இருக்கும்போதே முனை உளுத்துப்போயிருக்கும். சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே கூடு. சந்தேகமிருந்தால் மெல்லிய டிரில் விட்டு, வெளியே வருவது சுருளா தூளா என்று பாருங்கள்.

அப்புறம் தாங்கும் விஷயம். உடையுமோ என்ற பயம் இங்கே இல்லை, தொய்வுதான் கேள்வி. மர அமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 883. ஓடு மாதிரி விரிசல் விடும் பொருளைத் தாங்கும் உத்திரம், நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக்கூடாது. 12 அடிக்கு அது வெறும் 10 மில்லிமீட்டர். மூன்றடிக்கு ஒன்றாக வைத்து மறுபடி மெட்ராஸ் தளம் போட்டால், என் தோராயக் கணக்கில் எல்லையை முட்டுகிறது. மரம் வருடக்கணக்கில் சுமையில் இருந்தால் தொய்வு இன்னும் கூடும். கூடத்தை 10 அடியாக்க முடியுமா? பாரம் அதேதான் என்றாலும் தொய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எதுவானாலும் உங்கள் ஊர்ப் பொறியாளர் ஒருவர் மரத்தை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

பாசம் மட்டும் இல்லை. 11 உத்திரமும் சேர்ந்து சுமார் 51 கன அடி, 900 கிலோவுக்கு மேல். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். எரிந்தாலோ மக்கினாலோ அது ஒன்றரை டன் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். மரக்கடைக்குப் போனாலும் வேறொரு வீட்டுக் கதவாகலாம், மறுக்கவில்லை. ஆனால் அறுப்பில் ஒரு பகுதி தூளாகும், உங்கள் வீட்டில் அந்த இடத்துக்குச் சிமென்டும் கம்பியும் வந்து சேரும்.

தெம்பனிஸ்:
சிங்கப்பூரில் கட்டடத் தளத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017-ல் திறந்த 'தி வேவ்' விளையாட்டரங்கின் கூரை, நடுவில் தூணே இல்லாமல் 72 மீட்டர் தாண்டுகிறது. ஒட்டு உத்திரத்துக்கு அது சரியான இடம். 12 அடிக் கூடத்துக்காக ஐரோப்பிய ஸ்புரூஸ் மரத்தைக் கப்பலேற்ற வேண்டாம். நம் கரையானுக்கு அது விருந்து.

நான் இருந்த ஒரு தளத்தில் மழைக்குப் பயந்து உத்திரங்களைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினார்கள். உள்ளே வேர்த்து, கறுப்புப் பூஞ்சை பிடித்து, இழைத்தெடுக்க ஆறு வாரமானது. உங்கள் தகரம் மேலே மட்டும் இருக்கட்டும், பக்கங்களை மூடாதீர்கள்.

தீ பற்றிச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பெரிய கட்டை எரியும்போது மேலே கரிந்து, அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கிறது. ஒட்டு உத்திரத்துக்கு நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் என்று கணக்கு வைப்போம். அரை மணி நேரத்தில் பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் போனாலும் நடுக்கட்டை நிற்கும்.

உளி:
அப்பா ஆசாரி, நானும் அதே தொழில். தென்னங்கட்டையை இன்றைக்கே எடுத்துவிட்டுச் செங்கல் வையுங்கள், கரையான் அது வழியாகத்தான் ஏறும். சுவரில் உட்காரும் இடத்தில் கருங்கல் பலகை போட்டு, முனையைச் சுற்றி விரலளவு காற்று விடுங்கள். கொத்தனார் நல்ல எண்ணத்தில் சிமென்ட் கலவையால் அடைத்துவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அன்றே செங்கல் மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் பதினொன்றையும் தட்டிப் பார்த்தோம். ஏழு கணீரென்றன. மூன்றில் முனையில் மட்டும் தூள் வந்தது, எதிலும் ஒன்றரை அடியைத் தாண்டவில்லை. ஒன்றில் நடுவிலேயே கூடு, ஒதுக்கிவிட்டோம்.

இரண்டு பக்கமும் ஒன்றரை அடி வெட்டினால் 11 அடி மிஞ்சும். கூடம் 10 அடி, சுவரில் பக்கத்துக்கு அரை அடி. பத்து உத்திரத்தை இரண்டடிக்கு ஒன்றாக வைத்தால் 22 அடிக்குச் சரியாக வருகிறது. வரைபடத்தை மாற்றச் சொல்லிவிட்டேன், வரும் வாரம் பொறியாளர் பார்க்க வருகிறார். வெட்டும் துண்டுகளில் நல்லதாகப் பொறுக்கி நாலு மணை செய்து தரச் சொல்கிறார் அம்மா.