சின்ன ஈ ஒன்று மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது, என்ன இனம்? (அவசரம்)

தொட்டிச்செடி77 | செவ்வாய், இரவு 9.12
வணக்கம். ஒரு சின்ன ஈ, சாம்பல் நிறம். இலை மேல் உட்கார்ந்திருந்து மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. இது என்ன ஈ? நல்லதா கெட்டதா? வியாழக்கிழமை மருந்து அடிப்பதாக இருக்கிறேன், அதற்குள் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கருவண்டு | இரவு 9.20
படம்?

மழைப்பூச்சி | இரவு 9.26
சின்ன ஈ என்றால் எவ்வளவு சின்னது? வீட்டு ஈயில் பாதியா, கொசு அளவா? எங்கே பார்த்தீர்கள்: வெட்டவெளியிலா, தண்ணீர் ஓரத்திலா, மூடிய இடத்திலா? எதைப் பிடிக்கிறது? உட்கார்ந்திருக்கும் பூச்சியையா, பறப்பதையா? இதெல்லாம் இல்லாமல் "சாம்பல் ஈ" என்றால் உலகத்தில் இருக்கிற ஈயில் முக்கால்வாசி சாம்பல்தான்.

விட்டில் | இரவு 9.31
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொள்ளைக்கார ஈ. அசிலிடே குடும்பம். ஈயைத் தின்னும் ஈ என்றால் அதுதான். நல்லது, விட்டுவிடுங்கள்.

ஆறுகால் | இரவு 9.58
மாதத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு இழை வந்துவிடுகிறது. அளவு இல்லை, படம் இல்லை, இடம் இல்லை, ஆனால் அவசரம் மட்டும் உண்டு. "எப்படிக் கேள்வி கேட்பது" என்று நான் எழுதியது மேலேயே ஒட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தடவை படித்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

விட்டில் தம்பிக்கு ஒரு வார்த்தை. வேட்டையாடும் ஈக்கள் ஒரே குடும்பத்தில் அடங்கியவை அல்ல. அசிலிடே, டோலிகோபோடிடே, எம்பிடிடே, ஹைபோடிடே, ஏன் நம் வீட்டு ஈயின் குடும்பமான மஸ்சிடேயிலும் இருக்கின்றன. புலி என்றதும் எல்லாக் கோடு போட்ட பூனையையும் புலி ஆக்கிவிடக் கூடாது.

தொட்டிச்செடி77 | இரவு 10.15
மன்னிக்கவும் சார், அவசரத்தில் எழுதிவிட்டேன். பசுமைக்குடிலுக்குள் இருக்கிறது. அளவு அரிசியில் பாதி. தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் கருப்பான சன்னப் பூச்சியைப் பிடிக்கிறது, வெள்ளை ஈயையும் பிடிக்கிறது. கைபேசியில் எடுத்த படம் போட்டிருக்கிறேன், கொஞ்சம் மங்கல்.

கருவண்டு | இரவு 10.21
இது கொஞ்சம் மங்கலா? இலை தெரிகிறது. மேலே ஒரு புள்ளி தெரிகிறது. :)

நாணல் | இரவு 10.40
ஓக்தெரா என்று ஒரு வேட்டை ஈ உண்டு, அதுவாக இருக்கலாமா? முன்னங்கால் தொடை வீங்கி, கும்பிடுபூச்சி மாதிரி மடக்கி வைத்திருக்கும். நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்னங்காலைப் பாருங்கள்.

மழைப்பூச்சி | இரவு 10.47
நாணல், உங்களுக்கு எந்த ஈயைக் காட்டினாலும் ஓக்தெராதான். அது ஈரச் சேற்றில், நீர் ஓரத்தில் நடந்து திரிவது. குடிலுக்குள் இலை மேல் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறது?

நாணல் | இரவு 10.52
குடிலுக்குள் ஈரம் இருக்காதா? கேட்டால் என்ன தப்பு?

ஆறுகால் | இரவு 11.05
இன்னொன்று. வெள்ளை ஈ என்பது ஈயே அல்ல. அதற்கு நான்கு சிறகு, அசுவினிக்குச் சொந்தக்காரன். ஈ என்றால் சிறகு இரண்டுதான், பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு சமநிலைக் குமிழ் இருக்கும். அடிப்படை தெரியாமல் வகைப்பாட்டுக்குள் இறங்கக் கூடாது.

லென்ஸ்கண் | புதன், காலை 6.30
இரவே பார்த்தேன், தூக்கக் கலக்கத்தில் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தொட்டிச்செடி, படம் மங்கல்தான், ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு சங்கதி போதும்: பசுமைக்குடில், 3 மில்லிமீட்டர் ஈ. என் சந்தேகம் சீனோசியா பேரினத்தின் மேல். அதிலும் குடில்களில் அடிக்கடி மாட்டுவது சீனோசியா அட்டெனுவாட்டா. 1903இல் ஸ்டைன் பெயர் வைத்த இனம். தெற்கு ஐரோப்பாப் பக்கத்து ஈ, இப்போது குடில்கள் வழியாகப் பல கண்டங்களுக்குப் போய்விட்டது. குடும்பம் மஸ்சிடே, அதாவது வீட்டு ஈயின் பங்காளி. அதனால்தான் முதல் பார்வைக்கு "இளைத்துப்போன குட்டி வீட்டு ஈ" மாதிரி இருக்கும்.

சந்தேகத்தை உறுதி செய்ய நீங்கள் பார்க்க வேண்டியது:

முதலில் தலை. இரண்டு கூட்டுக்கண்களுக்கும் நடுவில் உச்சி பள்ளமாகக் குழிந்து, முகத்தில் தாடி மாதிரி முடிக்கற்றை இருந்தால் விட்டில் சொன்னதுதான் சரி, கொள்ளைக்கார ஈ. பள்ளமும் தாடியும் இல்லாமல், குட்டையான உணர்கொம்பின் முதுகிலிருந்து ஒரே ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் அசிலிடேயை மறந்துவிடலாம்.

உடல் பச்சையாக உலோகம் போல் மின்னி, கால் உடலுக்குப் பொருந்தாத நீளமாக இருந்தால் டோலிகோபோடிடே. சாம்பல் என்று சொல்லிவிட்டீர்கள், ஆகவே அதுவும் இருக்காது.

அப்புறம் சிறகு. வீட்டு ஈக்குச் சிறகின் நடு நரம்பு நுனிக்குப் பக்கத்தில் சட்டென்று மேலே மடங்கும். சீனோசியாவுக்கு மடங்காமல் நேராக ஓரம் வரை போகும். ஆனால் கடைசி நரம்பு, குத நரம்பு என்பார்கள், அது ஓரத்தைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். தொட்டால் மஸ்சிடே இல்லை, ஆந்தோமையிடே என்ற பக்கத்துக் குடும்பத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக மார்பின் பக்கவாட்டு. நடுக்கால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள தகட்டில் மூன்று தடித்த முடி இருக்கும். மூன்றும் சமபக்க முக்கோணமாக நின்றால் சீனோசியாக் கூட்டம். ஒரு பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் முயற்சி செய்யலாம், இருபது மடங்கு இருந்தால் நிச்சயம் தெரியும்.

எப்படி வேட்டையாடுகிறது என்றும் சொல்லுங்கள்.

செவ்வந்தி | காலை 7.10
எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. பின்தொடர்கிறேன்.

தொட்டிச்செடி77 | காலை 7.45
லென்ஸ்கண் ஐயா, ரொம்ப நன்றி. இன்று காலை கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இலை நுனியில் அசையாமல் இருக்கிறது, தலையை மட்டும் அப்படி இப்படித் திருப்புகிறது. பூச்சி பறந்தால் விருட்டென்று போய் காற்றிலேயே பிடித்து, அதே இலைக்குத் திரும்புகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வெள்ளை ஈயைச் சீண்டவே இல்லை. திரும்பி வந்ததும் இரையைக் காலால் கட்டிப்பிடித்துக் கழுத்துப் பக்கம் குழலை இறக்கியது. ஐந்து நிமிடம் கழித்துக் கீழே போட்டது, வெறும் சக்கை.

அப்புறம், இரண்டு விதமாக இருக்கின்றன. ஒன்று சின்னது, கால் முழுக்க மஞ்சள். இன்னொன்று கொஞ்சம் பெரிது, கருத்த சாம்பல், வயிற்றில் கோடு. இரண்டு இனமா? மண்ணில் புழுவும் இருக்கிறது, அது இதனுடைய குட்டியா? வேரைத் தின்னுமா? என்னைக் கடிக்குமா?

லென்ஸ் கடன் கேட்டிருக்கிறேன்.

லென்ஸ்கண் | காலை 8.02
பறப்பதை மட்டும் பிடிப்பது, அதே இருக்கைக்குத் திரும்புவது, கழுத்தில் குத்துவது, எல்லாம் ஒத்துப்போகிறது. குழலின் நுனியில் கூரிய பல் ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் குத்தும். கண் பிரமாதம். இரையின் அளவையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கிளம்புமாம். ஆய்வுக்கூடத்தில் நூலில் கோத்து இழுத்த மணிக்குப் பின்னாலும் போயிருக்கிறது. தன் இனத்தையே பிடித்துத் தின்பதும் உண்டு, கண்டால் பதற வேண்டாம்.

இரண்டு இனம் இல்லை, ஆணும் பெண்ணுமாக இருக்க வேண்டும். சின்னது, மஞ்சள் கால், ஆண். பெரிது, கருத்தது, பெண். பல ஈக்களில் ஆணுக்குக் கண் இரண்டும் உச்சியில் ஒட்டிக்கொள்ளும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும், அதை வைத்துப் பிரித்துவிடலாம். இதில் இரண்டுக்கும் நெற்றி அகலம்தான், ஆகவே அந்த வித்தை பலிக்காது.

புழுவுக்குக் கருப்பாகப் பளபளக்கும் தனித் தலை இருந்தால் அது பூஞ்சை ஈயின் புழு, அதாவது உங்கள் கருப்புச் சன்னப் பூச்சியின் பிள்ளை. வேரைக் கடிப்பது அதுதான். தலை என்று தனியாக எதுவும் தெரியாமல் முன்பக்கம் கூம்பிப்போயிருந்தால் நம் ஆளுடையதாக இருக்கலாம். அது அந்தப் பூஞ்சை ஈப் புழுவைத் தின்று வளரும். மேலேயும் கீழேயும் ஒரே வேலை.

உங்களைக் கடிக்காது. மருந்து அடிப்பதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். வெள்ளை ஈக்கு அடிக்கும் மருந்துகளில் பல இதையும் சேர்த்துத்தான் கொல்லும்.

ஆறுகால் | காலை 9.30
லென்ஸ்கண் பேரினம் வரை சொன்னது சரி. சிற்றினப் பெயரைப் படம் பார்த்து எழுதியது சரியல்ல. சீனோசியாவில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஒரு ஆணைப் பிடித்து ஆல்கஹாலில் போடுங்கள். அப்புறம் பேசலாம்.

செவ்வந்தி | காலை 9.41
பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு உயிரைக் கொல்வதா? நல்லது செய்யும் ஈ என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

ஆறுகால் | காலை 9.50
அம்மா, உலகத்தில் பெயர் உள்ள ஒவ்வொரு ஈக்கும் எங்கோ ஒரு பெட்டியில் பாடம் செய்து வைத்த ஈ ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கே அர்த்தம் இல்லை.

செவ்வந்தி | காலை 9.58
அது ஆராய்ச்சிக்கு. இவர் கேட்டது மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று. அதற்குப் பிறப்புறுப்பு எதற்கு?

விட்டில் | காலை 10.04
குளிர்ப்பெட்டியில் சில நிமிடம் வைத்தால் மந்தமாகிவிடும். அதற்குள் லென்ஸில் பார்த்துவிட்டுப் பறக்க விடலாம். கொல்ல வேண்டியதே இல்லை.

ஆறுகால் | காலை 10.10
மந்தமான ஈயின் பிறப்புறுப்பை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்க ஆசை.

நாணல் | காலை 10.15
ஒரு நாள் வெயிலில் எத்தனை பூச்சி தானாகச் செத்துக் கிடக்கிறது? ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு போகிற வழியைப் பாருங்கள்.

மழைப்பூச்சி | காலை 10.33
ஆறுகால் ஐயா, ஒரு சின்னத் திருத்தம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆல்கஹாலில் போட்டால் இந்த வகை ஈயின் மேல் இருக்கும் சாம்பல் பூச்சு மங்கிவிடும். அடையாளத்தில் பாதி அந்தப் பூச்சிலும் அதில் விழும் கருப்புக் கோட்டிலும்தான் இருக்கிறது. மஸ்சிடேயை உலர்த்தி ஊசியில் வைப்பதுதான் வழக்கம். இது மிகச் சின்னது என்பதால் முக்கோண அட்டை நுனியில் ஒட்டுவார்கள்.

ஆறுகால் | காலை 10.52
பாடம் செய்யத் தெரியாதவரிடம் ஊசி அட்டை என்றால் ஈ தூளாகிவிடும், அதனால் ஆல்கஹால் என்றேன். விஷயம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவில்லை.

கருவண்டு | காலை 10.55
சமாளிப்பு நன்று ஐயா.

செவ்வந்தி | காலை 11.20
ஆக மொத்தம் ஈயைக் கொல்வதா வேண்டாமா என்பதை ஈயைத் தவிர எல்லாரும் பேசிவிட்டோம். கேட்டவரை ஆளையே காணோம்.

லென்ஸ்கண் | மதியம் 1.15
தொட்டிச்செடி, எதையும் கொல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. குடிலில் மஞ்சள் ஒட்டு அட்டை ஏதாவது தொங்கவிட்டிருக்கிறீர்களா?

தொட்டிச்செடி77 | வியாழன், இரவு 8.40
ஆமாம், நான்கு அட்டை இருக்கிறது. பூச்சி வந்த நாளிலிருந்தே தொங்குகிறது, எல்லாக் குடிலிலும் இருப்பதுதானே என்று சொல்லவில்லை. லென்ஸ் இன்றுதான் கிடைத்தது. பார்த்தால் அட்டையிலேயே நம் ஈ 7 ஒட்டிக் கிடக்கிறது. தாடி இல்லை, உச்சியில் பள்ளம் இல்லை. கடைசி நரம்பு பாதியில் நிற்கிறது. ஒன்று பக்கவாட்டில் ஒட்டியிருந்தது, அதில் மூன்று முடி முக்கோணமாகத் தெரிந்தது. மருந்து அடிக்கவில்லை. மூன்று அட்டையை எடுத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மழைப்பூச்சி | இரவு 8.52
நான் முதலிலேயே கேட்டேன், "எங்கே பார்த்தீர்கள்" என்று!

ஆறுகால் | இரவு 9.05
ஏழில் ஆண் எத்தனை? பசையைக் கரைத்து ஒன்றை மெதுவாக எடுத்து, வயிற்று நுனியைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் போடுங்கள். சிற்றினம் இன்னும் முடிவாகவில்லை.

நாணல் | இரவு 9.11
முன்னங்கால் தொடை வீங்கியிருந்ததா என்று யாருமே பார்க்கவில்லையே.

ஆறுகால் | திங்கள், காலை 7.20
தொட்டிச்செடி, படம்?