போர்ட் ஃபார்வர்டிங்: துறையா, வாயிலா, திட்டிவாசலா?

வியாசர்பாடியிலிருந்து:
நண்பர்களுக்கு வணக்கம். வண்ணாரப்பேட்டை கல்யாண ஸ்டுடியோக்களில் எடிட்டிங் பார்க்கும் பிள்ளைகளுக்கான மாலை வகுப்புக் கையேடு சனிக்கிழமை ஜெராக்ஸுக்குப் போகிறது. வீட்டு நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) கிடக்கும் ஃபுட்டேஜை வெளியிலிருந்து எடுப்பது எப்படி என்பதே பாடம். ஒரு வாக்கியம் மட்டும் நிற்கிறது: “திசைவியின் வெளிப்பக்கம் 2222-க்கு வருவதை உள்ளே 192.168.1.50-இன் 22-க்கு ____ செய்க.” போர்ட் ஃபார்வர்டிங்குக்கு, அதாவது திசைவியின் (ரவுட்டர்) ஒரு போர்ட் எண்ணுக்கு வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் பெட்டிக்கு அனுப்புவதற்கு, நல்ல சொல் வேண்டும்.

ராயபுரத்திலிருந்து:
‘துறை முன்னனுப்பல்’. இலத்தீனில் போர்ட்டா கதவு, போர்ட்டுஸ் துறைமுகம். இரண்டும் ஒரே வேர். நம் ‘துறை’யும் இறங்கும் இடம், ஏறும் இடம் இரண்டுமாகும். படித்துறையில் தொடங்கி அகத்துறை வரை விரிந்த சொல்லை விட்டுவிட்டு எங்கே போகிறோம்?

தண்டையார்பேட்டையிலிருந்து:
எங்கள் பக்கம் துறை என்றால் பிள்ளைகள் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைத்தான் நினைப்பார்கள், இல்லாவிட்டால் மின்சாரத் துறையை. ‘முன்னனுப்பல்’ இன்னும் மோசம். ஏதோ முன்கூட்டியே அனுப்பியது போல் இருக்கிறது. கால் டைவர்ட்டை எல்லோரும் ‘திருப்பி விடு’ என்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ளலாமே.

திருவொற்றியூரிலிருந்து:
வாயில்தான் சரி. இல்வாய் என்பது முன்பின்னாக மாறி வாயில் ஆனது இலக்கணப்போலி என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதைவிட முக்கியம், தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், விறலி முதலாகப் பன்னிருவரை ‘வாயில்கள்’ என்கிறது. வெளியிலிருந்து வரும் தூதை உள்ளே இருப்பவரிடம் சேர்ப்பவர்கள்! திசைவி செய்வதும் அதுதான். ஃபயர்வாலில் (உள்ளே வருவதை வடிகட்டும் காவல்) அனுமதித்தால் ‘வாயில் நேர்தல்’, தடுத்தால் ‘வாயில் மறுத்தல்’. சொற்கள் தயாராகக் கிடக்கின்றன. டிஎம்இசட் பகுதிக்கு (வெளியார் தொடக்கூடிய கருவிகளைத் தனியே ஒதுக்கி வைக்கும் இடம்) ‘முன்றில்’ என்றும் வைக்கலாம்.

பெரம்பூரிலிருந்து:
ஐயா, பிரமாதம். ஃபயர்வாலில் ரிஜெக்ட் என்றால் பதில் சொல்லி மறுப்பது. டிராப் என்றால் பதிலே பேசாமல் கதவைச் சாத்திக்கொள்வது. பின்னதற்கும் அகத்துறை உண்டா?

சொல் இருக்கட்டும், கையேட்டில் முதல் பக்கமே தப்பு. திருப்பிவிடுவதற்கு முன் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN, வெளிப்பக்க) முகவரியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் கேரியர் நாட் (NAT, ஒரே வெளி முகவரியைப் பலருக்குப் பங்கிடும் ஏற்பாடு). இணைப்பு கொடுத்தவரின் நாட் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்; என்ன சொல்லால் திருப்பினாலும் வெளியிலிருந்து எதுவும் வராது. பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது இரு முனையிலும் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அதில் போக வேண்டும். வான் முகவரி 192.168 என்று இருந்தால் ஃபைபர் பெட்டியும் உங்கள் ரவுட்டரும் தனித்தனியே நாட் செய்கின்றன. முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (நாட் செய்யாமல் அப்படியே கடத்தும் நிலை) மாற்றுங்கள், அல்லது இரண்டிலும் திருப்புங்கள்.

நாஸுக்கு டிஹெச்சிபி ரிசர்வேஷன் (ரவுட்டர் எப்போதும் அதே உள் முகவரியைத் தரும் ஏற்பாடு) போட்டீர்களா? இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் .50 வேறு எண்ணாகலாம். விதி அப்படியே இருக்கும், பெட்டி இருக்காது. வெளி ஐபி மாறக்கூடியதென்றால் டைனமிக் டிஎன்எஸும் (ஐபி மாறினாலும் ஒரே பெயரில் பிடிக்கும் வசதி) வேண்டும்.

எண்ணூரிலிருந்து:
வாயில் வேண்டாம். கேட்வேக்கு ஏற்கெனவே ‘நுழைவாயில்’ இருக்கிறது; ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழப்பம். கோயில் பெருங்கதவுக்குள் ஓர் ஆள் மட்டும் நுழைய ஒரு சின்னக் கதவு இருக்குமே, திட்டிவாசல், அதுதான் போர்ட். ஒரு முகவரிக்குள் 65,535 வரை எண்ணிட்ட திட்டிவாசல்கள். ‘புழை’ என்றும் சுருக்கலாம், புழக்கடையில் இருப்பது அந்தப் புழைதான்.

பெரம்பூரிலிருந்து:
புழைத் திருப்பல் என்றால் ஹேக்கிங் பாடம் என்று நினைப்பார்கள்.

தலைப்பில் ‘எஃப்டிபி’ (கோப்பு அனுப்பும் பழைய முறை) என்று போடாதீர்கள், அதில் பாஸ்வேர்ட் வெட்டவெளிச்சமாகப் போகும். இன்னொன்று, 21-ஐ மட்டும் திருப்பினால் லாகின் ஆகும், கோப்புப் பட்டியல் வராமல் தொங்கும். பட்டியலுக்கு அது வேறொரு இணைப்பைத் திறக்கிறது. அந்த இணைப்புக்கான போர்ட் எண்களின் வரம்பையும் (பாஸிவ் வரம்பு) திருப்ப வேண்டும், வெளி ஐபியையும் செர்வருக்குச் சொல்ல வேண்டும். மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு 22 ஒன்றே போதும். பாஸ்வேர்ட் லாகினை அணைத்து சாவிக்கோப்பு மட்டும் வையுங்கள். வெளியில் 2222 வைப்பது லாகில் (இணைப்பு முயற்சிகளின் பதிவேடு) குப்பையைக் குறைக்கும், பாதுகாப்பு அதனால் கூடிவிடாது.

லினக்ஸ் பெட்டியில் பயனரை ஒரு ஃபோல்டருக்குள் அடைத்தால், அந்த ஃபோல்டர் ரூட்டுக்குச் (நிர்வாகிக் கணக்கு) சொந்தமாக, வேறு யாரும் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவி சரியாக இருந்தும் உடனே இணைப்பு அறுந்துவிடும். எழுத உள்ளே தனி ஃபோல்டர் கொடுங்கள்.

சோதனை மொபைல் டேட்டாவில்தான். வீட்டு வைஃபையிலிருந்தே வெளி முகவரியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை; நன்றாக இருப்பதைக் கெட்டதென்று நினைத்துப் பிரித்துப்போடுவார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
வேகத்தையும் சேருங்கள். வீட்டிலிருந்து எடுப்பது வீட்டு இணைப்பின் அப்லோட். அது 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) என்றால் 60 ஜிபி கல்யாணத்துக்கு ஆறு மணி நாற்பது நிமிடத்துக்குக் குறையாது. ஆல்பத்துக்கு வேண்டிய படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் போடப் பழக்குங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:
முதல் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன், நன்றி. சொல்: ‘வாயில் திருப்பல்’ பக்கம் மூவர், துறைக்கு ஒருவர், திட்டிவாசலுக்கு ஒருவர். கையேட்டில் முதல் இடத்தில் ‘வாயில் திருப்பல் (போர்ட் ஃபார்வர்டிங்)’, அதன்பின் போர்ட் என்றே வரும். ரவுட்டர் திரையில் பிள்ளைகள் பார்க்கப்போவது அந்தச் சொல்லைத்தானே.

திருவொற்றியூரிலிருந்து:
பிறகு போர்ட் என்றே எழுதுவதானால் இத்தனை மடல் எதற்கு? போகட்டும். வாயிலைத் திருப்புதல் வேற்றுமைப் பொருள்; நன்னூல்படி லகரம் றகரமாகும். ‘வாயிற்றிருப்பல்’ என்று அச்சிடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:
ஐயா, அதைப் படிக்கத் தனி வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். பிரித்தே போடுகிறேன்.

ராயபுரத்திலிருந்து:
பெரும்பான்மை அப்படியென்றால் சரி. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நீங்கள் வாயிலையா திருப்புகிறீர்கள்? வாயிலுக்கு வந்ததை அல்லவா? துறை என்றால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

எண்ணூரிலிருந்து:
துறையைத் திருப்பினாலும் அதே சிக்கல்தான் ஐயா. அடுத்து ‘பாஸிவ் மோட்’. செயப்பாட்டுவினை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.