தடைக்காலத் தாளுக்கு வாசகம் தேவை

இயேசுவுக்கே புகழ்! பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் அன்பியங்களில் (பங்கின் சிறு செபக் குழுக்களில்) இருப்பவர்கள் உதவுங்கள்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். கையில் காசில்லாத அந்த நாட்களில்தான் மனசு தப்புக்கணக்கு போடுகிறது. அதற்காக மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்று தயாராகிறது: நினைப்பு, அதற்கு ஆதாரம், இறைவார்த்தை. நாளுக்கு ஒரு நினைப்பு போதும்.

முதல் கட்டத்திலேயே பலர் தடுமாறுவார்கள். "பயமா இருக்கு" என்பது உணர்வு. அதைச் சரிபார்க்க வழியில்லை. "என் பாவத்தாலதான் படகு பிடிபட்டுச்சு" என்று பேச்சுவழக்கிலேயே முழுசாக எழுதினால் துன்பத்துக்குப் பாவம்தான் காரணம் என்பதை மறுக்கும் யோவான் 9:1-3, லூக்கா 13:4 இரண்டும் நேராகப் பதில் சொல்லும். ஒற்றை வரியைப் பிய்த்து எடுக்காமல் பகுதி முழுவதையும் வாசிக்க வேண்டும்.

தூக்கமில்லாதவரிடம் "கவலைப்படாதே" வசனத்தை நீட்டினால் திட்டுவதுபோல் கேட்கும். 1 அரசர்கள் 19-இல், சாக விரும்பிய இறைவாக்கினர் எலியாவுக்கு முதலில் கிடைத்தது அப்பமும் தண்ணீரும் உறக்கமும்; கேள்வி பிறகுதான். சாகவேண்டும் என்ற நினைப்புக்கு இந்தத் தாள் போதாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு உடனே அழைக்கவேண்டும், ஆளும் கூட இருக்கவேண்டும்.

எங்களுக்கு இரண்டு கேள்விகள். "செய்வினையால மீன் படல" என்பதற்கு, எந்தச் சக்தியும் கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்காது என்னும் உரோமையர் 8:38-39 வைத்திருக்கிறோம். ஆனால் மந்திரித்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, சுரூபத்தையே (புனிதர் உருவப் பதக்கத்தையே) தாயத்தாகக் கட்டிக்கொள்கிறார்கள். இதை எப்படி விளக்குகிறீர்கள்? கைம்பெண் எதிரே வந்தால் ஆகாது என்பதற்கு, இயேசு மகனை உயிர்ப்பித்துக் கொடுத்த நயீன் ஊர் விதவையைத் (லூக்கா 7) தவிர வேறு எந்தப் பகுதி பொருந்தும்?