உதவி: பூர்வகுடிக் குழந்தைகளின் பாலர்பள்ளிச் சேர்க்கை 118% வருகிறது, எங்கே தப்பு?

புதுக்கணக்கு | திங்கள் இரவு 9:40

நண்பர்களே, அவசரம். புதன்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். பூர்வகுடிக் குழந்தைகளின் பாலர்பள்ளிச் சேர்க்கை விகிதம் போடுகிறேன். 118 வருகிறது. சேர்ந்த பிள்ளைகளை நான்கு வயதுப் பிள்ளைகளால் வகுத்து நூறால் பெருக்குகிறேன், அவ்வளவுதான். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். வருகை மட்டும் 91% என்று ஒழுங்காக வருகிறது. எக்செல்லில் ஏதாவது கோளாறா?

தரவுக்காரன் | 9:52

எந்த நாடு? எந்த ஆண்டு? தொகுதி (மேலே உள்ள எண்) எங்கிருந்து எடுத்தீர்கள், பகுதி (கீழே உள்ள எண்) எங்கிருந்து? இது தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கூட்டல்கழித்தல் (மூத்த உறுப்பினர்) | 9:58

எக்செல்லில் கோளாறு இல்லை. விகிதம் நூறைத் தாண்டினால், தொகுதியில் இருக்கும் சிலர் பகுதியில் இல்லை என்று பொருள். இது பள்ளிக்கூடப் பாடம். இந்தக் களத்தில் இதைப் பலமுறை விளக்கி எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

வரைபடம் | 10:03

மாநிலமா, மாவட்டமா, ஒரே ஊரா? அதையும் சொல்லுங்கள்.

புதுக்கணக்கு | 10:21

மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஆஸ்திரேலியா, விக்டோரியா மாநிலம். முர்ரே ஆற்றங்கரையில் ஒரு ஊர். பிள்ளைகள் சிலரே என்பதால் ஊர்ப் பெயர் சொல்லக்கூடாது. 2024 கணக்கு. மையங்கள் அனுப்பிய பட்டியலில் 59 பேர். 2021 சென்சஸில் அந்த ஊரில் நான்கு வயதுப் பூர்வகுடிப் பிள்ளைகள் 50 பேர். 59/50.

தரவுக்காரன் | 10:34

நான் சந்தேகப்பட்டது இதுதான், இரட்டைப் பதிவு. ஒரே பிள்ளை திங்கள், செவ்வாய் ஒரு மையத்துக்கும் மற்ற நாள்களில் பகல்நேரக் காப்பகத்துக்கும் போகும். இரண்டு பட்டியலிலும் பெயர் வரும். ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகம் இதைக் களைய ஓர் இணைப்புச் சாவி வைத்திருக்கிறது. குடும்பப் பெயரின் 2, 3, 5ஆம் எழுத்துகள், முதற்பெயரின் 2, 3ஆம் எழுத்துகள், பிறந்த தேதி, பாலினம், எல்லாம் சேர்ந்து 14 குறிகள். அதைப் போட்டு வடிகட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கூட்டல்கழித்தல் (மூத்த உறுப்பினர்) | 10:41

சாவியை அப்படியே நம்பினால் தவறாகும். ஜேடன், கேடன் என்று இரட்டைப் பையன்கள் இருந்தால் ஆங்கிலத்தில் இரண்டாம், மூன்றாம் எழுத்துகள் ஒன்றே. குடும்பப் பெயரும் பிறந்த நாளும் பாலினமும் ஒன்றே. இரண்டு பிள்ளைகள் ஒரு பிள்ளையாகிவிடுவார்கள். ஒரு மையத்தில் செல்லப்பெயரையும் இன்னொன்றில் முழுப்பெயரையும் எழுதியிருந்தால் ஒரு பிள்ளை இரண்டாகும். 59 வரிதானே, கண்ணாலேயே பார்க்கலாம்.

வரைபடம் | 10:55

இரட்டைப் பதிவில் ஒன்றிரண்டு போகும், 9 பேர் போகமாட்டார்கள். என் பந்தயம் ஆற்றின் மேல்தான். முர்ரேதான் மாநில எல்லை. அக்கரை நியூ சவுத் வேல்ஸ். எச்சூகா–மோமா, ஆல்பரி–வொடோங்கா போல ஆறு நடுவில் ஓடும் இரட்டை ஊர்களில் பிள்ளைகள் பாலம் தாண்டி வகுப்புக்கு வருவது சாதாரணம். உங்கள் 59 மையம் இருக்கும் இடத்தை வைத்து, 50 வீடு இருக்கும் இடத்தை வைத்து. முகவரிப் பத்தி இருக்கிறதா?

பாலர்பள்ளி அக்கா | 11:10

தம்பியோ தங்கையோ, முதலில் பிறந்த தேதிப் பத்தியைப் பாருங்கள். 59இல் மூன்று வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? விக்டோரியாவில் பூர்வகுடிப் பிள்ளைகள் மூன்று வயதிலேயே கிண்டரில் (இங்கே பாலர்பள்ளிக்கு அதுதான் பெயர்) சேர 'ஏர்லி ஸ்டார்ட்' திட்டம் நெடுநாளாக இருக்கிறது. இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்று வயது கிண்டர் வந்துவிட்டது. மையத்தில் பட்டியல் கேட்டால் மூன்று வயதுக் குழுவையும் நான்கு வயதுக் குழுவையும் சேர்த்தே அனுப்புவார்கள். நான் இருபது வருடமாகக் கிண்டரில் இருக்கிறேன், நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். யாரும் பிரித்துக் கேட்டதில்லை.

அப்புறம் அந்த 91%. அது எந்த வருகை? எப்படி எண்ணினீர்கள்?

தரவுக்காரன் | 11:18

அக்கா சொல்வது சரி. பகுதியிலும் அதே கோளாறு. 2021இல் நான்கு வயதாக இருந்த பிள்ளை 2024இல் பள்ளிக்கூடத்தில் இருக்கும். விக்டோரியாவில் ஏப்ரல் 30க்குள் நான்கு வயது நிரம்பினால்தான் நான்கு வயது கிண்டர். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது 2019 மே 1 முதல் 2020 ஏப்ரல் 30 வரை பிறந்தவர்கள். 2021 ஆகஸ்ட் சென்சஸ் இரவில் அவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு வயது. ஆற்றுக்கு அக்கரையில் ஜூலை 31க்குள் ஐந்து நிரம்பினால் பள்ளியில் சேரலாம் என்பதால் அங்கே 'பள்ளிக்கு முந்தைய ஆண்டு' என்ற கூட்டமே வேறு.

இன்னொன்று, சென்சஸ் எண்ணை அப்படியே எடுக்கக்கூடாது. 2021இல் பூர்வகுடி மக்களில் 17.4% பேர் எண்ணிக்கையில் விடுபட்டார்கள் என்று பணியகமே மதிப்பிட்டிருக்கிறது. அட்டவணையில் வரும் சிறிய எண்களை, ஆளை அடையாளம் காணக்கூடாது என்பதற்காக லேசாக மாற்றியும் வெளியிடுகிறார்கள். உங்கள் 50 என்பது உண்மையில் 50 அல்ல.

கூட்டல்கழித்தல் (மூத்த உறுப்பினர்) | 11:30

இவ்வளவு தூரம் போக வேண்டாம். புதன்கிழமை அறிக்கை. 100இல் நிறுத்திவிட்டு, அடியில் 'தொகுதியும் பகுதியும் வெவ்வேறு மூலங்கள்' என்று ஒரு வரி போடுங்கள். மாநில அட்டவணைகளிலேயே நூறைத் தாண்டிய எண்கள் வந்திருக்கின்றன. புதிதல்ல.

பாலர்பள்ளி அக்கா | 11:44

ஐயா, தயவுசெய்து அதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். 100 என்று எழுதிவிட்டால் 'எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள்' என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சேராத பிள்ளை அந்த நிமிடமே காணாமல் போகிறது. அப்புறம் அந்த வீட்டுக்கு யார் போவார்கள்? ஆஸ்திரேலிய அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளும் 2020இல் செய்த 'இடைவெளியைக் குறைத்தல்' ஒப்பந்தத்தின் இலக்கு 2025க்குள் 95% சேர்க்கை. 2016இல் இருந்தது 76.7%. அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை பேர் வீடு வீடாகப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பை மதிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

கூட்டல்கழித்தல் (மூத்த உறுப்பினர்) | 11:49

நான் ஏமாற்றச் சொல்லவில்லை. புள்ளியியலில் இது வழக்கமான நடைமுறை. உணர்ச்சியைக் கலக்க வேண்டாம்.

சொல்லும் பொருளும் | செவ்வாய் காலை 6:15

கணக்குக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். 'பூர்வகுடி' என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். 'பழங்குடி' என்பதுதானே நம் வழக்கு?

வரைபடம் | 6:40

பழங்குடி என்றால் நம் வாசகருக்கு நினைவுக்கு வருவது இந்திய அரசின் பட்டியல், சாதிச் சான்றிதழ், இட ஒதுக்கீடு. ஆஸ்திரேலியாவில் அப்படிப் பட்டியல் இல்லை. வம்சம், தானே அடையாளப்படுத்திக்கொள்வது, சமூகம் ஏற்பது, இந்த மூன்றும்தான். படிவத்தில் ஒரு கேள்வி, 'அபோரிஜினலா, டோரஸ் நீரிணைத் தீவினரா?' என்று. 'முதற்குடி' என்பது இன்னும் பொருந்தும்.

சொல்லும் பொருளும் | 6:52

'முதற்குடி' கனடா மக்களுக்கும் எழுதுகிறார்களே, குழப்பம் வரும். 'தொல்குடி' எப்படி?

பாலர்பள்ளி அக்கா | 7:20

எங்கள் மையத்துப் பிள்ளைகள் யோர்ட்டா யோர்ட்டா என்ற மக்கள். அவர்கள் தங்களை அப்படித்தான் சொல்கிறார்கள், பொதுவாகச் சொன்னால் 'கூரி'. மக்கள் தங்களை எப்படி அழைக்கிறார்களோ அதையே முதலில் எழுதலாம்.

அந்தக் கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது கணக்கில் நேராக வந்து விழுகிறது. சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் விடும் குடும்பங்கள் உண்டு. ஒரு பாட்டி பேத்தியைச் சேர்க்க வந்தார். அந்த வரியில் பேனா நின்றது. 'இதை எழுதினால் யாரிடம் போகும்?' என்று கேட்டார். சிறுமியாக இருந்தபோது அவருடைய அக்காவை அரசாங்கக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பறித்த அந்தக் கொள்கைக்காகப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008இல்தான். அந்தப் பாட்டிக்கு அது நேற்று நடந்தது போல. நான் படிவத்தை மூடிவிட்டுத் தேநீர் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அவரே வந்து டிக் போட்டார்.

மாறாக, கேட்கக் கூச்சப்பட்டு, முகத்தைப் பார்த்துத் தாங்களே நிரப்பும் ஊழியர்களும் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது.

தரவுக்காரன் | 7:41

சென்சஸிலும் அதே நிலைதான். தங்களைப் பூர்வகுடி என்று சொன்னவர்கள் 2016இல் 6,49,171 பேர், 2021இல் 8,12,728 பேர். கால் பங்கு ஏற்றம். பிறப்பால் மட்டும் ஐந்தே ஆண்டில் இவ்வளவு கூடாது. முன்பு சொல்லாதவர்கள் இப்போது சொல்கிறார்கள். சென்சஸில் சொல்லாமல் மையத்தில் சொன்னால் நூறைத் தாண்டும், மாறி நடந்தால் குறையும்.

புதுக்கணக்கு | 12:35

எல்லோருக்கும் நன்றி. வேலையிலிருந்து எழுதுகிறேன். வருகை: பாலர்பள்ளித் தரவுகளின் தேசியத் தொகுப்பில் உள்ளது போல, ஆகஸ்ட் முதல் வெள்ளியை ஒட்டிய வாரத்தில் ஒரு மணி நேரமாவது வந்திருந்தால் 'வந்தார்' என்று எடுத்தேன். அது சரிதானே?

பாலர்பள்ளி அக்கா | 1:05

வரையறைப்படி சரி. ஆனால் அது என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். ஒரு பிள்ளைக்கு வாரம் 15 மணி, ஆண்டுக்கு 600 மணி என்பது உரிமை. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் வந்த பிள்ளையும் பதினைந்து மணியும் இருந்த பிள்ளையும் உங்கள் 91இல் ஒன்றே. ஆகஸ்ட் 4 பூர்வகுடிக் குழந்தைகள் தினம். அதை ஒட்டி எங்கள் மையத்தில் கொண்டாட்டம், வராத பிள்ளையும் வரும். மற்ற வாரங்களில் யாராவது இறந்துவிட்டால் குடும்பமே துக்கத்துக்குக் கிளம்பிவிடும், ஒரு வாரம், சில சமயம் மூன்று. பதிவேட்டில் அது வெறும் 'வரவில்லை'. துக்கத்துக்குப் போனதையும், பேருந்து இல்லாமல் வீட்டில் இருந்ததையும், 'அங்கே என் பிள்ளையை ஒதுக்குகிறார்கள்' என்று அம்மா நிறுத்தியதையும் ஒரே குறியாகப் போட்டால் எதைச் சரிசெய்வது?

முடிந்தால் மையங்களிடம் ஒரு பருவம் முழுவதற்குமான வருகைப் பதிவேடு கேளுங்கள். மணிக்கணக்கில். நாள் இல்லை என்றால் ஒரு மையத்திடமாவது கேளுங்கள்.

கூட்டல்கழித்தல் (மூத்த உறுப்பினர்) | 1:30

மணிக்கணக்கு யோசனை நல்லது, ஏற்கிறேன். சேர்க்கை கூடிய அதே காலத்தில், பள்ளி தொடங்கும்போது வளர்ச்சியின் எல்லாக் கூறுகளிலும் சரியாக இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளின் விகிதம் 2018இல் 35.2%, 2021இல் 34.3%. சேர்க்கையை மட்டும் பார்த்தால் இது புரியாது. 100இல் நிறுத்துவது பற்றி என் கருத்து மாறவில்லை.

வரைபடம் | 1:38

50ஐ என்ன செய்யப் போகிறார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. பணியகத்தின் மக்கள்தொகைக் கணிப்பு இந்த அளவுச் சின்ன ஊருக்கு வருவதில்லை. உள்ளூர் கூரி அமைப்பிடம் கேட்டால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியும்.

பாலர்பள்ளி அக்கா | 1:50

தெரியும். ஆனால் அது அவர்களுடைய கணக்கு. எதற்கு, யார் பார்ப்பார்கள், அவர்களுக்கு என்ன திரும்பி வரும் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

புதுக்கணக்கு | புதன் காலை 8:02

அவசரமாக ஒரு வரி. 59இல் மூன்று வயது 13. இரட்டைப் பதிவு 1. அக்கரை 5. மீதி 40. விகிதம் போடவில்லை, 40 பேர் என்றே எழுதி, 50ஐ ஏன் பயன்படுத்தவில்லை என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஒரு மையம் இரண்டாம் பருவப் பதிவேடு கொடுத்தது. ஒரு பிள்ளை வாரம் 15 மணி நேரத்துக்குப் பதிவாகி, பருவம் முழுக்க மொத்தம் 22 மணி நேரம்தான் வந்திருக்கிறது. கூட்டத்துக்குப் போகிறேன்.

பாலர்பள்ளி அக்கா | 8:10

அந்தப் பிள்ளை வீட்டுக்கு யாராவது போனார்களா?

பாலர்பள்ளி அக்கா | வெள்ளி மாலை 5:47

புதுக்கணக்கு, பார்த்தால் பதில் எழுதுங்கள்.